தலைக்கட்டு வரியும் பொதுப் பூங்காவும்: வடக்கனந்தலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, மலை இறங்கியதும் வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பகுதியில் கோமுகி அணையில் தேங்குகிறது. 1960களில் கட்டப்பட்ட அந்த அணையின் நீர்மட்ட உயரம் 46 அடி. பழைய பாசனமும் புதிய பாசனமும் சேர்ந்து ஏறத்தாழ 10,860 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. வயலுக்கு நீர் தருவதற்காகக் கட்டிய அணை, காலப்போக்கில் இன்னொரு பணியையும் ஏற்றுக்கொண்டது. காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு வந்து அமரும் இடமும் அதுதான். பிள்ளைகள் ஓடியாடவும் முதியவர்கள் நிழலில் உட்காரவும் ஓர் இடம் வேண்டும் என்று யாரும் மனு எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு நாள் கூட்டமே தேவையைச் சொல்லிவிடுகிறது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இப்பகுதியின் சிற்றூர்களில் விளைநிலம் மனையாகும்போது பொதுவெளியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் இடம் கிடைக்காது. அப்படியானால் பூங்காவை உருவாக்குவது யார், அதற்குப் பணம் தருவது யார், பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மக்களே நிதி திரட்டிப் பராமரிக்கட்டும் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விடை. அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. மக்களின் பணமும் உழைப்பும் ஒரு பூங்காவைத் தழைக்கச் செய்யும். ஆனால் பூங்கா பெறுவதற்கான நுழைவுக் கட்டணமாக அவற்றைக் கேட்பது நியாயமன்று. பங்களிப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமையும் கணக்குக் கேட்கும் உரிமையும் வேண்டும். அன்றாடப் பராமரிப்போ உள்ளாட்சியின் பொறுப்பாகவே நிற்க வேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

2. தோட்ட வாரியமும் வெட்டியும்

பொதுவெளியைப் பொதுவில் பேணும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர்பெற்றவை. அவை குறிப்பிடும் வாரியங்களுள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் ஒன்று. தோட்டம் காப்பது ஊர்ச் சபையின் நிலையான கடமையாக, ஆண்டுதோறும் ஆள் மாறும் பொறுப்பாக வகுக்கப்பட்டிருந்தது. கோயில் நந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலக்கொடைகள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. நந்தவனப்புறம் என்று நிலம் ஒதுக்கி, அதன் விளைச்சலிலிருந்து தோட்டம் பேணுவோரின் வாழ்வுக்கு வழி செய்தார்கள். செடி நட்டவரின் பெயரை மட்டும் பொறிக்காமல், நாளும் நீர் இறைப்பவரின் சோற்றுக்கும் சேர்த்தே வகை செய்த கொடைகள் அவை. பராமரிப்புக்கு நிலையான வருவாய் இல்லாத தோட்டம் நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆயினும் இந்த மரபைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் ஊரின் சபை. வாரியத்தில் இடம்பெற நிலமும் வீடும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன. அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்களும் வருகின்றன. இரண்டும் கூலியில்லா உழைப்பைக் குறிப்பவை. 'வெட்டி வேலை' என்று இன்றும் நாம் சலித்துக்கொள்ளும்போது அந்தச் சொல்லின் பழைய வலி நாவில் மிச்சமிருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தக் கட்டாயம் சட்ட வடிவம் பெற்றது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி, வாய்க்கால் உடைப்புகளை அடைக்க ஊராரைக் கட்டாயமாக அழைக்க வழி செய்தது. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பேணும் குடிமராமத்தில் தம் வழக்கமான பங்கைச் செய்யத் தவறியவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்கவும் அது இடம் கொடுத்தது. கல்வராயன் மலையின் நினைவு இன்னும் அண்மையது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அந்த ஜாகிர் ஆளுகையில் அடுத்தவருக்காக உழைத்துப் பழகிய தலைமுறை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. அவர்களிடம் 'வந்து இலவசமாக வேலை செய்யுங்கள்' என்று ஓர் அலுவலகம் சொன்னால், அது எந்தக் காலத்தின் குரலாகக் கேட்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுக்கவும் உரிமையுள்ள இடத்தில் கொடுக்கப்படும் உழைப்பையே தன்னார்வம் என்று சொல்ல முடியும்.

3. மூன்றில் ஒரு பங்கு என்னும் கணக்கு

தமிழ்நாட்டில் மக்கள் பங்களிப்பை அரசுத் திட்டமாக்கியது 1997-98இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம். இடையில் ஆட்சிகள் மாறி, பெயரும் மாறி, 2021-22இல் மீண்டும் அதே பெயரில் வந்தது. ஒரு பணியின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும் என்பது அதன் பொது விதி. தன் பணமும் சேர்ந்த பணியை ஊர் கண்காணிக்கும். ஒப்பந்ததாரர் கலவையில் சிமெண்டைக் குறைத்தால் தட்டிக் கேட்க ஆள் இருக்கும். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு பூங்காவுக்கு 15 லட்சம் ரூபாய் மதிப்பீடு என்று எடுத்துக்கொண்டால் மக்கள் பங்கு 5 லட்சம். ஐந்நூறு வீடுகளுள்ள பகுதியில் வீட்டுக்கு 1,000 ரூபாய். அரசு ஊழியர் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வரும்படி. கரும்பு வெட்டப் போகும் குடும்பத்துக்குப் பல நாள் அடுப்பு எரியும் பணம். நடைமுறையில் வீடுவீடாக வசூலிப்பதைவிட ஓரிரு வசதியானவர்கள் மொத்தமாகக் கட்டிவிடுவதே எளிது. அப்போது அரசின் மூன்றில் இரண்டு பங்கும், கட்ட வல்லவர் வாழும் தெருவை நோக்கியே போகும். பொதுப்பணம் தேவை உள்ள இடத்துக்குப் போகாமல் வசதி உள்ள இடத்துக்குப் போவது, திட்டத்தின் நோக்கத்தையே குலைக்கும்.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பங்களிப்பு கட்டுமானச் செலவின் மேல் கணக்கிடப்படுகிறது. பராமரிப்பு அதற்கு வெளியே நிற்கிறது. ஒரு பணியாளருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தாலும் பத்தாண்டில் 12 லட்சம் ஆகும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார், ஊஞ்சல் சங்கிலி, விளக்கு ஆகியவற்றின் பழுதைச் சேர்த்தால் பூங்காவைக் கட்டிய தொகையைத் தாண்டிவிடும். திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கிறது, மூன்றாம் ஆண்டுக் கோடைக்குக் கிடைப்பதில்லை. துருப்பிடித்த சறுக்குமரமும் கருகிய புல்தரையும் மக்களின் அக்கறையின்மையால் விளைந்தவை என்று சொல்லிவிடுகிறோம். மதிப்பீட்டில் பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லாததே அவற்றின் முதற்காரணம்.

2016-17இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட குடிமராமத்துத் திட்டம் வேறொரு விகிதத்தைக் கையாண்டது. 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கிய அதில், பயனாளிகளின் பங்கு 10 விழுக்காடு; அதைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். உழைப்பையும் பங்காக எண்ணும் இந்த விதி, பணமில்லாதவருக்கும் ஊர்ச்சொத்தில் பெயர் தருகிறது. பூங்காக்களுக்கும் இதை நீட்டிக்கலாம்.

4. கோட்டூர்புரமும் நியூயார்க்கும்

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலம், 2006 முதல் 'நிழல்' அமைப்பின் முயற்சியால் மரப் பூங்காவானது. தன்னார்வலர்கள் கிழமைதோறும் கூடி மண்ணைச் சீர்செய்து, இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்த்தார்கள். அங்கே நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. நிலம் கடைசிவரை பொதுநிலமாகவே இருந்தது. உழைப்பு, ஒருநாள் மரநடு விழாவாக முடியாமல் வாரந்தோறும் தொடர்ந்தது. எந்த மரம் எங்கே நிற்கும் என்ற அறிவு உழைப்போடு சேர்ந்தே வந்தது. பணத்தைவிட அரிதானது இப்படித் திரும்பத் திரும்ப வரும் கால்கள்தான்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா மறுபக்கத்தைக் காட்டுகிறது. சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்த அதே 1858இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அப்பூங்கா, 1970களில் நகரின் நிதி நெருக்கடியில் சீரழிந்தது. 1980இல் குடிமக்கள் அதற்கெனத் தனிக் காப்புக்குழு அமைத்து நன்கொடை திரட்டி அதை மீட்டார்கள். இன்று அதன் செலவில் பெரும்பகுதியை அக்குழுவே திரட்டுகிறது. போற்றத்தக்க சாதனைதான். ஆனால் 2012இல் ஒரே செல்வந்தர் அப்பூங்காவுக்கு 10 கோடி டாலர் தந்தபோது, ஏழைக் குடியிருப்புகளின் பூங்காக்களுக்கு யார் தருவார் என்ற கேள்வி எழுந்தது. பெரிய காப்புக்குழுக்கள் தம் நிதியில் 20 விழுக்காட்டை ஏழைப் பகுதிப் பூங்காக்களோடு பகிர வேண்டும் என்று 2013இல் ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. நன்கொடை தானாகச் சமமாகப் பரவாது, பரவச் செய்யும் விதியை அரசுதான் வகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

5. தலைக்கட்டு: கைவசமுள்ள கருவி

நிதி திரட்டும் கலையை வடமாவட்டச் சிற்றூர்கள் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. திருவிழா சாட்டியதும் தலைக்கட்டு எண்ணி வரி போடுகிறார்கள். வசூல் நோட்டில் பெயர் ஏறுகிறது. விழா முடிந்ததும் ஊர் கூடிக் கணக்கு வாசிக்கிறது. பாக்கி வைத்தவர் யார் என்பதும் பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட தம் நூலில், பொதுவளங்கள் நீடித்திருக்கத் தேவையான விதிகளை உலகெங்குமுள்ள சான்றுகளிலிருந்து தொகுத்தார். பயனாளிகளே விதி செய்தல், செலவும் பயனும் பொருந்துதல், கண்காணிப்போர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லுதல் ஆகியவை அவற்றுள் சில. 2009இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த ஆய்வின் சாரத்தை நம் ஊர் வசூல் நோட்டு ஓரளவு ஏற்கெனவே கடைப்பிடிக்கிறது.

அப்படியே எடுத்துப் பூங்காவுக்குப் பொருத்த முடியாத குறைகளும் அதில் உண்டு. தலைக்கட்டு என்பது ஆண் தலைமையை எண்ணும் அலகு. கைம்பெண் வீட்டை அரைப் புள்ளியாகக் கணக்கிடும் ஊர்களும் உண்டு. வரியில் அது சலுகை, பேச்சுரிமையில் அது குறைவு. கோயில் வரி பெரும்பாலும் சாதி எல்லைக்குள் வசூலாகிறது. எந்தத் தெருவிலிருந்து வரி வாங்குவதில்லையோ அந்தத் தெருவுக்கு விழாவில் உரிமையில்லை என்று ஆகிவிடுகிறது. பூங்காவுக்குள் இந்தத் தர்க்கம் நுழைந்தால் அது பொதுவெளி என்ற பெயருக்கே தகுதி இழக்கும். ஆகவே தலைக்கட்டின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு அதன் எல்லையை விட்டுவிட வேண்டும். வரி கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஊஞ்சலில் அதே உரிமை.

6. வடக்கனந்தலுக்கு ஒரு முறைமை

முதலில் பட்டியல் வேண்டும். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் சட்டம் 1959 முதல் இருக்கிறது. உள்ளாட்சி தன் எல்லையிலுள்ள திறந்தவெளிகளைப் பட்டியலிடுவது அதன் அடிப்படை. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது இன்றைய விதி. இந்த நிலங்களின் புல எண்ணும் பரப்பும் வடக்கனந்தல் பேரூராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட்டால், எந்த நிலத்துக்காகப் பங்களிக்கிறோம் என்பது மக்களுக்குத் தெரியும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததைப் பெங்களூர்க் குடியிருப்பாளர்கள் எதிர்த்து வழக்காடி, 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். நிலத்தின் வரலாறு தெரிந்த ஊரால்தான் அப்படி வழக்காட முடியும்.

இரண்டாவது, முடிவெடுக்கும் அவை. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. பூங்காவின் வடிவம், நேரம், மரவகை, வரவு செலவு ஆகியவை அங்கே பேசப்பட்டு எழுதப்பட வேண்டும். பெண்களும் எல்லாத் தெருவினரும் பேசும் அவையாக அது நடக்க வேண்டும்.

மூன்றாவது, பங்களிப்பின் அளவு. வசதி குறைந்த பகுதிகளிலும் மலைக் கிராமங்களிலும் பண நிபந்தனையே கூடாது. கொடுப்பவர் விரும்பிக் கொடுக்கலாம். திரண்ட தொகையைக் கட்டுமானத்தில் கரைக்காமல் பராமரிப்பு வைப்பாக வங்கியில் போட்டு, அதன் வட்டியைப் பழுதுபார்ப்புக்குப் பயன்படுத்தினால் நந்தவனப்புறத்தின் பழைய அறிவு புது வடிவில் திரும்பும். பணியாளரின் ஊதியம் மட்டும் பேரூராட்சி வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வர வேண்டும். தன்னார்வலரைக் காட்டி ஒரு தூய்மைப் பணியாளரின் வேலையைப் பறிப்பது சேவையாகாது.

நான்காவது, உழைப்பின் காலம். கரும்பு வெட்டும் நேரத்திலும் நடவு நேரத்திலும் ஊரைக் கூப்பிட்டால் வருவது மாணவர்கள் மட்டும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழியெடுத்து, மழையோடு புங்கன், வேம்பு, நாவல், மருதம், இலுப்பைக் கன்றுகளை நட்டு, மூடாக்கு போட்டுவிட்டால் முதல் சில மாதங்களை மழை பார்த்துக்கொள்ளும். அதன்பின் வரும் இரண்டு கோடைகளே கன்றின் தலையெழுத்தை எழுதும். தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்து நீரூற்றும் பொறுப்பைப் பிரித்துக்கொள்வது, நூறு பேர் சேர்ந்து நடும் ஒரு நாள் விழாவைவிடப் பயனுள்ளது.

7. முடிவுரை

இங்கே சொன்னவை அனைத்தும் ஒரு வேறுபாட்டின் மேல் நிற்கின்றன. அரசு கைவிட்டதை மக்கள் சுமப்பது ஒன்று. அரசு செய்யும் பணியில் மக்கள் கைகோத்து அதைத் தமதாக்கிக்கொள்வது வேறொன்று. முதலாவது வெட்டியின் வழியில் போகிறது. இரண்டாவது, தகுதிகளின் தடை நீங்கிய, எல்லாத் தெருவுக்கும் இடமுள்ள ஒரு புதிய தோட்ட வாரியத்தை நோக்கிப் போகிறது.

கோமுகிக் கரையில் காணும் பொங்கலுக்குக் கூடும் குடும்பங்கள் அந்த ஒரு நாளுக்காக ஓராண்டு காத்திருக்கின்றன. தம் தெருமுனையிலேயே ஒவ்வொரு மாலையும் அவர்களுக்கு அந்த நிழல் கிடைக்க வேண்டும். அதற்கான வசூல் நோட்டு ஊரிடம் இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில் பேரூராட்சி தன் பங்கை எழுதட்டும். மற்றப் பக்கங்களை ஊர் நிரப்பும்.