பெட்டியடியிலிருந்து மேலாள் வரை: வட்டிக்கடைகளில் பொறுப்புக் கைமாறிய வரலாறு

அடுத்த தலைவரை எப்போது தேடத் தொடங்குவது என்பது இன்றைய நிர்வாகவியலில் புதுக் கேள்விபோலப் பேசப்படுகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) இதற்கு எப்போதோ விடை கண்டிருந்தார்கள். இப்போதைய பொறுப்பாளர் கப்பலேறும்போதே அவர் திரும்பும் காலமும் முடிவாகியிருக்கும்.

1852-இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காடு திருத்தி வயலாக்கக் கடன் தேவைப்பட்டது. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக மதிப்பீடு. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். பணமோ கடல் தாண்டிப் புரளும். எனவே கடையைக் காக்க நம்பிக்கை மட்டும் போதவில்லை, ஏற்பாடும் வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டின் அடிப்படிக்கட்டு பெட்டியடிப் பையன். பதின்ம வயதில் வருவான். கடை பெருக்குவான், எடுபிடி வேலை செய்வான், இரவில் பெரியவர்கள் கணக்கு முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மனக்கணக்கு, பேரேடு, ஐந்தொகை, உள்ளூர் மொழி, கடன் கேட்டு வருபவனின் முகக்குறி எல்லாம் கடைக்குள்ளேயே கற்றவை. தேறியவன் அடுத்தாள் ஆவான். அடுத்தாள் என்ற பெயரே அவன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அதற்கு மேலே மேலாள், அதாவது ஏஜெண்ட்.

ஏஜெண்டின் தவணை பொதுவாக மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலுள்ள குடும்பத்துக்குப் போகும், லாபத்திலும் பங்குண்டு. தவணை முடிந்ததும் கணக்கைப் புதியவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்புவார். வாராக்கடன் ஏதும் மறைந்திருந்தால், பேரேட்டைப் புரட்டும் புதியவர் கண்ணில் படும். என் கணிப்பில் இந்த முறையின் உயிர்நாடி பயிற்சியன்று, இந்த ஒப்படைப்பே. எவரும் நிரந்தரமில்லை என்பதால் அடுத்தவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கத் தயங்கவும் காரணமில்லை.

குறைகளும் சிறியவையல்ல. ஆள் எடுப்பு பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள், உறவு வழியே நடந்தது. பெண்களுக்கு இந்தப் படிகளில் இடமே இல்லை. கடையை நடத்தும் பொறுப்புத்தான் கைமாறியது; உடைமை பரம்பரைக்குள்ளேயே நின்றது, பிள்ளையில்லா வீடுகளில் தத்து வழியாக.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பாமல் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. பர்மியரின் கசப்பும் கூடவே வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் நுழைந்தபோது ஏஜெண்டுகள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அதற்கு முன்பே சிலர் வேறு வடிவத்துக்கு மாறியிருந்தனர். இளவயதில் பர்மா சென்று தொழில் பழகிய ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900-இல் மௌல்மீனில் தொடங்கிய தொழில், 1930-களில் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்து ஆலைகளை நோக்கித் திரும்பியது. 1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார்.

கடை கம்பெனியானபோது சம்பளக்காரருக்கு ஓய்வு வயது வந்தது, மூன்றாண்டுத் தவணை போயிற்று. இன்று பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழு, தலைமை முறையாகக் கைமாறத் திட்டம் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று 2015-இன் செபி விதிமுறைகள் சொல்கின்றன. நிர்வாக இயக்குநரை ஒரே தடவையில் ஐந்தாண்டுக்கு மேல் நியமிக்க 2013 கம்பெனிச் சட்டம் இடம் தருவதில்லை. மறுநியமனத்துக்கு அதே சட்டம் வழிவிட்டிருக்கிறது.