கூடி விளையாடும் கலை

பட்டினப்பாக்கத்தின் தெற்கே அடையாறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் மறுகரையில் மரங்கள் அடர்ந்து தெரிவது பிரம்மஞான சபையின் தோட்டம். 1882-ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய அச்சபையின் சமயக் கொள்கைகள் நம் கட்டுரைக்குத் தேவையில்லை. ஆனால் சிறுவர் கூடிப் பழகுவதையே கல்வியாகக் கருதிய இரு முயற்சிகளுக்கும் அத்தோட்டத்திற்கும் தொடர்பு உண்டு. பெற்றோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அறிய வேண்டிய வரலாறு அது.

சாரணர் அணி

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் இவ்வாறு பிறந்தது. 1916-இல் சிறு பிள்ளைகளுக்கான குருளையர் பிரிவு உருப்பெற்றது. அதில் அணிக்கு ஆறு பேர். ஆறு பேர் என்றால் யாரும் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை இருக்கும்.

1909-இல் இவ்வியக்கம் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஆங்கிலேயர், ஆங்கிலோ-இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அதில் இடம். இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு அடைத்தே இருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் இதற்கு உடன்படவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன், சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. கூட்டு விளையாட்டு நற்பண்பை வளர்க்கும் என்பது உண்மையே. ஆனால் யார் யாரோடு கூடலாம் என்று வேலி போடுகிறவர்கள் பெரியவர்கள். அந்த வேலியை அகற்றுவதும் அவர்கள் பொறுப்பே.

மாண்டிசோரி அம்மையார்

1939 நவம்பரில், அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. அம்மையாரும் அவர் மகன் மரியோவும் எதிரி நாட்டவராகிவிட்டனர். மரியோவை அரசு காவலில் வைத்துப் பின் விடுவித்தது. 1946 வரை இருவரும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சென்னையிலும் கொடைக்கானலிலும் கழிந்த அந்த ஆண்டுகளில்தான் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வி பற்றிய அவருடைய கருத்துகள் விரிந்து முழுமை பெற்றன.

ஆறு வயதுக்குமேல் பிள்ளைகள் கூட்டம் சேர விரும்புவர். தமக்குள் தலைவனைத் தேர்ந்து, விதி வகுத்து, அதற்குக் கட்டுப்படுவர் என்பதை அம்மையார் வலியுறுத்தினார். அவரது வகுப்பில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கலந்திருப்பர். ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருத்தி அதை எடுத்துவிட்டால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். 'பொறுமை கொள்' என்று ஆசிரியர் நூறு முறை சொல்வதைவிட இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். மூத்தவர் இளையவர்க்கு உதவுவதும் தானே நிகழும். அம்மையார் இதை விளையாட்டு என்னாமல் 'வேலை' என்றே அழைத்தார். பெயர் எதுவாயினும் பயன் ஒன்றே.

ஆய்வாளர் கண்டவை

1932-இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் சிறு குழந்தைகளைக் கவனித்தார். முதலில் தனியே விளையாடுவர். பிறகு அருகருகே அமர்ந்தும் அவரவர் ஆட்டத்தை ஆடுவர். வயது ஏற ஏறவே ஒரே நோக்கத்தோடு வேலையைப் பங்கிட்டு ஆடுவர் என்று வகைப்படுத்தினார். சுவிட்சர்லாந்தில் ழான் பியாழே, கோலி ஆடும் சிறுவரிடம் விதிகளைப் பற்றி வினவினார். சிறியவர்கள் விதியை மாற்றவே கூடாது என்றனர். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோ, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றனர். கட்டளைக்கு அஞ்சுதல் உடன்பாட்டை மதித்தலாக வளர்வதை அவர் கோலி ஆட்டத்தில் கண்டார்.

1954-இல் முசாபர் ஷெரீப், ஓக்லஹாமா மாநில முகாம் ஒன்றில் 22 சிறுவரை இரு குழுவாக்கிப் போட்டிகள் வைத்தார். பகைமை மூண்டது. பின்னர்த் தண்ணீர்க் குழாய் அடைப்பு போன்ற, இரு குழுவும் சேர்ந்தே தீர்க்க வேண்டிய சிக்கல்களைக் கொடுத்தார். பகை தணிந்தது. சிறுவரை ஆய்வாளரே தூண்டிவிட்டனர் என்ற கண்டனமும் இதற்கு உண்டு. ஆயினும் பொதுத் தேவை மனங்களை இணைக்கும் என்னும் கருத்தைப் பிற்காலக் கல்வியாளர் பலர் ஏற்றனர்.

நம் தெருவிலும் உண்டு

இவற்றுக்கு இணையான ஏற்பாடுகள் நம் பிள்ளைகளிடமும் உள்ளன. 'சா பூ த்ரீ' போட்டு, உள்ளங்கையா புறங்கையா என்று பார்த்து முடிவெடுக்கிறார்களே, அது சண்டையில்லாத தீர்ப்பு முறை. ஓடத் தெரியாத சின்னத் தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்கிறார்களே, அது இளையவர்க்குத் தரும் சலுகை. சடுகுடுவில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் வெளியேறியவர் மீண்டும் உள்ளே வருவார். நாற்காலிப் போட்டியிலோ தோற்றவன் ஒதுங்கி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதிலும் நாற்காலியை மட்டும் குறைத்து, பிள்ளைகள் அனைவரும் நெருக்கி அமர இடம் பிடிக்கச் செய்தால், அதே ஆட்டம் கூட்டு ஆட்டமாகிவிடும்.

ஆகவே, பிள்ளைகளை மைதானத்தில் விட்டுவிட்டால் மட்டும் போதாது. அணி சிறியதாக இருக்கட்டும். தலைமை கைமாறட்டும். தோற்றவரும் திரும்பி வர வழி இருக்கட்டும். சாதி, வசதி, மொழி பாராமல் அணி பிரியட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.