பயத்துக்கு வயது

விண்கல் விழுந்து கோடிக்கணக்கானோர் சாகாமல் தடுக்கச் சிலர் விண்வெளிக்குப் போகிறார்கள். நாயகனின் சின்னஞ்சிறு மகனைப் பிணையாகப் பிடித்து அவனை மிரட்டுகிறார்கள். 2018ல் வந்த ‘டிக் டிக் டிக்’ படத்தின் பதற்றம் இது. இதைக் குழந்தை பார்க்கலாமா என்று யார் சொல்வது?

1920ல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தபோது வெள்ளைக்கார அரசுக்குத் தன் ஆட்சி பற்றிய பயமே பெரிது. 1949ல் ‘யு’, ‘ஏ’ என்ற பிரிவினை வந்தது: எல்லோருக்கும், அல்லது வளர்ந்தவர்க்கு மட்டும். நடுவே எதுவுமில்லை. 1983ல் ‘யுஏ’ சேர்ந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விஷயம் பெற்றோரிடம் விடப்பட்டது. 2023ன் திருத்தம் அதையே 7, 13, 16 என்று கூறுபோட்டது. படத்தை முன்னதாகப் பார்த்திராத தகப்பனுக்கு இந்த எண்கள் என்ன சொல்லும்?

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். (அவன் வயதை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை.) அதே வட்டாரத்தின் பாரதத் திருவிழாவில், படுகளத்தன்று, துரியோதனன் மண்ணுருவாய் மல்லாந்து கிடப்பான், பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். குழந்தைகள் முன்வரிசையில். ஆனால் அந்த உருவத்துக்கு மண் குழைத்ததை அவர்கள் பார்த்தவர்கள். பயந்தவன் எழுந்து பாட்டி மடிக்குப் போகலாம்.

கொட்டகை இருட்டில் மண் தெரிவதில்லை. விண்கல்லைக்கூட ஒரு குழந்தை தாங்கிவிடும், கூத்தின் ராட்சசனைத் தாங்குவது போல. தன் வயதுப் பையன் பிணையாவது வேறு விஷயம். சான்றிதழ் இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்குகிறது.