"மேலே போயிருக்கிறது": கஞ்சிக்கோட்டு ஆலைகளும் பதில் சொல்லாத தலைமையும்

ஆனைகட்டியின் தேநீர்க் கடைகளில் தமிழும் மலையாளமும் இருளமும் ஒரே மேசையில் கலந்து ஒலிக்கும். மொழிக் கலப்பைப் பதிவு செய்யச் சென்ற இடத்தில், பொதுத்துறை மின்னணு ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். ஆலையின் பெயர் இங்கு வேண்டாம். அவர் சொன்னது இது:

"சம்பளம் எப்ப வரும்னு கேட்டா, மேலே போயிருக்குன்னு சொல்வாங்க தம்பி. ஆர்டர் என்னாச்சுன்னு கேட்டாலும் மேலே போயிருக்குன்னுதான். அந்த மேலே யார் இருக்காங்கன்னு ரிட்டையர் ஆகுற வரைக்கும் எனக்குத் தெரியலை."

மொழியியல் மாணவனாக அந்த வாக்கியத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிடுவது இயல்பு. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஆனால் 'போயிருக்கிறது' என்பதில் வினைமுற்று காட்டுவது கோப்பை மட்டுமே. அனுப்பியவர் இல்லை, பெற்றவர் இல்லை, முடிவெடுக்க வேண்டியவரும் இல்லை. அவருடைய பணிக்கால மனக்குறை முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருந்தது. 'திறமையற்ற தலைமை' என்று ஊழியர்கள் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்ற கேள்வியோடு வாளையாருக்கு அப்பால் உள்ள கஞ்சிக்கோட்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

பாலக்காட்டுக் கணவாயில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி வளர்ந்த தொழிற்பகுதி கஞ்சிக்கோடு. அங்கு இரண்டு மத்தியப் பொதுத்துறைத் தொழில்நுட்ப ஆலைகள் 1970களில் வந்தன. ஒன்று, ராஜஸ்தானின் கோட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட்டின் பாலக்காட்டுப் பிரிவு. மற்றொன்று, 1976இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. பிரிவு. தொழிற்பயிற்சி நிலையம் என்று எண்ணிவிட வேண்டாம். இது 1948இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம் என்ற பெருமை அதற்கு உண்டு.

ஐ.டி.ஐ.யின் அமைப்பிலேயே ஒரு முடிச்சு இருந்தது. அதன் உரிமையாளர் அரசு. அதன் ஏறத்தாழ ஒரே வாடிக்கையாளர் அரசின் தொலைபேசித் துறை. எவ்வளவு வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது, எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்வது என்ற முடிவுகள் பெரும்பாலும் ஆலைக்கு வெளியே எடுக்கப்பட்டன. நிறுவனத் தலைவரின் நாற்காலி இருந்தது. ஆனால் ஒரு நிறுவனத் தலைவர் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவுகள் அந்த நாற்காலியில் இல்லை.

இதன் விளைவைத் தொழில்நுட்பத் தேர்வில் காணலாம். தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஒத்துழைப்போடு ஸ்ட்ரோஜர் இணைப்பகங்கள் செய்யப்பட்டன. 1964இல் பெல்ஜிய நிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு செய்து கிராஸ்பார் முறைக்கு மாறினார்கள். குறைந்த இணைப்புகளில் மிகுதியான அழைப்புகள் குவியும் இந்திய நகரங்களின் நெரிசலை அந்த முறை தாங்கவில்லை. பிறகு 1982இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு இ10பி டிஜிட்டல் இணைப்பகத்துக்கு உடன்பாடு. அதற்கான பெரிய ஆலை உத்தரப் பிரதேசத்தின் மங்காப்பூரில் எழுந்தது. தொழில்நுட்பத் திறன் திரண்டிருந்த பெங்களூரை விட்டு அங்கு ஏன் என்ற கேள்விக்குப் பொறியியலில் விடை தேட முடியாது. அரசியலில்தான் தேட வேண்டும். 1984இல் உள்நாட்டு ஆய்வுக்காக சி-டாட் தொடங்கப்பட்டபோது, தொலைபேசித் தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றி முடிவெடுக்கும் மற்றுமொரு மையம் ஆலைக்கு வெளியே உருவாயிற்று.

தொழிலாளர் பக்கம் நோக்கினால், 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 77 நாள்கள் நீடித்த பெங்களூர்ப் பொதுத்துறை வேலைநிறுத்தம் முக்கியமானது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் பி.எச்.இ.எல். ஊழியர்களுக்கு இணையான ஊதியம் கோரினர். அவர்கள் நினைத்தது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் முன்னனுமானத்தைக் கவனிக்க வேண்டும்: ஆலை ஓடும், வேலை இருக்கும், விளைவதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த முன்னனுமானம் சரிந்தது. 1991க்குப் பின் இணைப்பக உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. 1994இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை சேவையையும் திறந்தது. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தனி நிறுவனமானபோது, பழைய வாடிக்கையாளருக்கே போட்டிச் சந்தையின் நெருக்கடி வந்துவிட்டது. கைப்பேசி யுகத்தில் ஐ.டி.ஐ. தானே உருவாக்கிய கருவிகள் குறைந்து, வெளிநாட்டு நிறுவனங்களின் கருவிகளைப் பெற்று வழங்கும் வேலை கூடியது. 2004இல் நிறுவனம் நலிவுற்றதாகத் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. 4,156.79 கோடி ரூபாய் மதிப்பிலான புத்துயிர்ப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது 2014இல்தான். இடையில் பத்தாண்டுகள். ஒரு தொழிலாளியின் பணிவாழ்வில் மூன்றில் ஒரு பங்கு!

இக்காலத்தில் கோரிக்கையின் இலக்கணமே மாறியது. 'ஊதியத்தை உயர்த்து' என்பது 'நிலுவையைக் கொடு' என்றாயிற்று. பிறகு 'ஆர்டர் வாங்கிக் கொடு' என்றாயிற்று. எங்களுக்கு வேலை கொடுங்கள் என்று, வேலையில் இருப்பவர்களே கேட்கும் நிலை. நிருவாகம் செய்ய வேண்டிய சந்தை முயற்சியைத் தொழிற்சங்கங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாசலில் நின்று செய்தன.

ஊழியர் பக்கத்தில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான அசையும் உறுப்புகளைக் கைத்திறனால் சரிசெய்யும் ஸ்ட்ரோஜர் காலத்துக்குத் தேவைப்பட்ட ஆள்பலம், மின்சுற்று அட்டைகளைச் சோதித்துப் பொருத்தும் காலத்துக்குத் தேவைப்படவில்லை. அந்த உண்மையை எதிர்கொள்ளச் சங்கங்களும் தயங்கின. எனினும் மறுபயிற்சிக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை. அதிகாரம் உள்ள இடத்துத் தயக்கமும் அதிகாரம் இல்லாத இடத்துத் தயக்கமும் ஒன்றல்ல.

இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட்டின் கதை இன்னும் கூர்மையானது. மின் நிலையங்களுக்கும் பிற ஆலைகளுக்கும் கட்டுப்பாட்டு வால்வுகள் செய்த பாலக்காட்டுப் பிரிவு இலாபத்தில் இயங்கியது, கோட்டா நலிந்தது. 2016இல் கோட்டாவை மூடவும் பாலக்காட்டுப் பிரிவைக் கேரள அரசிடம் ஒப்படைக்கவும் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. முடிவுக்குப் பிறகும் ஆண்டுகள் இழுத்தன. நன்றாக உழைத்தும் நிச்சயமின்மையில் நிற்க வேண்டியிருந்த அந்த ஊழியர்களின் சலிப்பைச் 'சோம்பேறி அரசு ஊழியர்' என்ற வாய்பாட்டில் அடக்க முடியாது.

ஆகவே என் முடிவு இதுதான். இந்த ஆலைகளின் வரலாற்றில் 'திறமையற்ற தலைமை' என்பது முதன்மையாக ஒரு மனிதரின் குணக்குறை அன்று. முடிவெடுக்கும் அதிகாரமும் முடிவின் விளைவும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டதன் பெயர். விளைவு கஞ்சிக்கோட்டில், முடிவு தில்லியில். இடையில் இருந்த தலைவர்கள் பலர் நல்லவர்களாகவும் கற்றவர்களாகவும் இருந்திருக்கலாம். கேள்வி கேட்டவனுக்கு முகம் காட்டிப் பதில் சொல்லும் இடத்தில் அவர்கள் வைக்கப்படவில்லை.

ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் நூலகங்களில் கிடைக்கும். தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் வாயிற்கூட்ட அறிவிப்புகளும் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பரண்களில்தான் இருக்கின்றன. கோவை, பாலக்காட்டு மாணவர்கள் உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் பழைய தாள் கடைக்குப் போகும் முன் படமெடுத்து வையுங்கள். ஆனைகட்டியில் நான் கேட்ட வாக்கியத்துக்கு எழுவாய் அந்தத் தாள்களில் கிடைக்கக்கூடும்.