பப்பாளிப் பாலும் நுரையீரலும்

இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைச் சேர்ப்பது நம் சமையலறைகள் நன்கறிந்த வழக்கம். அக்காயின் பாலில் உள்ள பப்பாயின் என்னும் நொதி புரதத்தை அறுக்க வல்லது. 1960களின் நடுவில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சிலிக்கோசிஸ் நோயை ஆராய்ந்துவந்த பால் கிராஸ் குழுவினர், இதே நொதியை எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்தினர். காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் சிதைந்தன. மனிதரை மூச்சுத் திணறவைக்கும் எம்ஃபிசீமா முதன்முறையாக நொதியொன்றால் விலங்கில் உருவாக்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்னர், 1963இல், சுவீடனின் மால்மோ நகரில் லாரல், எரிக்சன் ஆகிய இருவர் குருதிநீர்ப் புரதங்களை மின்புலத்தில் பிரித்து ஆராய்ந்தபோது, ஐந்து பேரின் மாதிரிகளில் ஒரு பட்டை காணப்படவில்லை. அவர்களுள் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. குறைந்திருந்த புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். இப்பெயர் ஆய்வுக்கூடச் சோதனையின் எச்சம். டிரிப்சின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நொதி. நுரையீரலில் இப்புரதம் அடக்கிவைப்பதோ வெள்ளணுக்கள் உமிழும் எலாஸ்டேஸை. சிற்றறைகளுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டினை அறுப்பது அந்த எலாஸ்டேஸே.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் இணைந்து ஒரு கொள்கையாயின: அறுக்கும் நொதிக்கும் அதன் தடுப்பானுக்கும் இடையிலான சமநிலை குலைந்தால் நுரையீரல் அழியும். வெள்ளெலிகளுக்குத் தடுப்பானை முன்கூட்டியே கொடுத்துவிட்டு எலாஸ்டேஸைச் செலுத்தியபோது சேதம் குறைந்தது. நம்பிக்கை பெருகியது.

ஆயினும் அவ்விலங்கின் நோய் ஒரே ஊசியில் பிறந்தது. மனிதரின் நோயோ பல்லாண்டுப் புகையில் வளர்வது. விலங்குக்கு மருந்து முன்னே வந்தது. நோயாளியோ சுவர்கள் இடிந்த பின்னரே மருத்துவரிடம் வருகிறார். அறுக்கும் நொதியும் ஒன்றன்று. 1997இல் வெளியான ஆய்வில், எம்எம்பி-12 என்னும் வேறொரு நொதி இல்லாத சுண்டெலிகள் நீண்டகாலம் சிகரெட் புகையைச் சுவாசித்தும் எம்ஃபிசீமாவுக்கு ஆளாகவில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் அந்நொதியைத் தடுப்பதில்லை.

1987இல் அமெரிக்காவில் அப்புரதம் மருந்தாக ஏற்கப்பட்டது. அதுவும் பிறவிக் குறைபாடு உடையவர்களுக்கு மட்டுமே. அது அழிவின் வேகத்தைக் குறைக்கும். அழிந்த சிற்றறையை மீட்காது. பீடிப் புகையாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரலை இழந்துவரும் பெரும்பான்மையோருக்கு அது மருந்தன்று. அவர்களைப் பொறுத்தவரை, புகையிலிருந்து விலகுவதே இன்றும் முதற்காப்பு.