பழந்தமிழில் அன்பு, காதல், காமம்: சொற்பொருள் மாற்றத்திற்குக் காஞ்சி தரும் சான்றுகள்

முன்னுரை

அன்பு, காதல், நட்பு, கேண்மை முதலிய சொற்களை ஒருபொருட்கிளவிகளாகக் கொள்வது இன்று இயல்பாகிவிட்டது. காமம் என்னும் சொல்லோ உடல்வேட்கையை மட்டுமே சுட்டுவதாகச் சுருங்கியுள்ளது. இச்சுருக்கம் பழைய நூல்களை வாசிக்கும் முறையையும் பாதிக்கிறது. திருக்குறளின் மூன்றாம் பாலுக்கு இன்பத்துப்பால் என்னும் பெயரும் உண்டு. எனினும், காமத்துப்பால் எனச் சொல்வதில் எழும் தயக்கம் பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லின்மீது ஏற்றுவதன் விளைவாகும். இச்சொற்களின் எல்லைகள் காலந்தோறும் மாறியமையை, சின்ன காஞ்சிபுரத்தோடும் காஞ்சி மாநகரோடும் தொடர்புடைய சான்றுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

அன்பு தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் திராவிடச் சொல். நட்பு, ‘நள்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. நள்ளுதல் என்பது செறிதலும் பொருந்துதலும் ஆகும். கேண்மை, உறவைக் குறிக்கும் ‘கேள்’ என்பதன் வழிவந்தது. நேயம், வடமொழி ஸ்நேகம் பிராகிருத வடிவின் வழியே தமிழில் அமைந்த சொல். காமத்தை வடசொல்லாகக் கொள்வதே பெருவழக்கு. நிறைவைக் குறிக்கும் ‘கமம்’ என்னும் உரிச்சொல்லோடு அதனை இணைப்பாரும் உளர். பிறப்பு எதுவாயினும், அகமரபில் அச்சொல் பெற்ற மதிப்பே இங்கு முதன்மையானது.

அகமரபில் காமம்

தொல்காப்பியக் களவியலின் முதல் நூற்பா ஐந்திணையை அன்போடு சேர்த்துக் கூறி, அதனுள் நிகழும் இணைவைக் காமக்கூட்டம் என்கிறது. அன்பும் காமமும் அங்கே எதிர்நிலைச் சொற்கள் அல்ல. அன்பின் வழிப்பட்டதே ஐந்திணைக் காமம். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில், தலைவன் வண்டினை நோக்கித் தான் விரும்பியதைக் கூறாது உண்மையைக் கூறுமாறு கேட்கிறான். அங்குக் காமம் என்பது வெறும் விருப்பம். மிளைப்பெருங்கந்தனின் இரு குறுந்தொகைப் பாடல்கள் (136, 204), காமத்தை அணங்கென்றும் பிணியென்றும் பழிப்பார்க்கு மறுமொழியாகவே அமைந்துள்ளன. அப்பழிப்பு அக்காலத்திலேயே வழங்கியது என்பதும் இதனால் பெறப்படும்.

திருக்குறளில் இரு வழக்குகளும் அருகருகே நிற்கின்றன. மெய்யுணர்தல் அதிகாரம் (360) காமத்தை வெகுளி, மயக்கம் ஆகியவற்றோடு கெடவேண்டிய குற்றமாக எண்ணுகிறது. அதே நூல் 25 அதிகாரங்களைக் காமத்திற்கு உரியதாக்குகிறது. முன்னது துறவுநெறியின் சொல்; பின்னது அகமரபின் சொல்.

வெஃகா முதல் தூப்புல் வரை

சின்ன காஞ்சிபுரத்திலுள்ள வெஃகா, தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் திருமால் பள்ளிகொண்ட இடமாகக் குறிக்கப்பெறுகிறது. பொய்கையாழ்வார் பிறந்த ஊராக வைணவ மரபு கொள்வதும் இதனையே. முதல் திருவந்தாதியில் அவர் ஏற்றும் விளக்குக்கு உலகமே அகல், கடல் நெய், கதிரவன் சுடர். கடல்மல்லையில் பிறந்த பூதத்தாழ்வாரோ இரண்டாம் திருவந்தாதியில் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், சிந்தையைத் திரியாகவும் கொள்கிறார். புறப்பொருள்கள் நின்ற இடத்தில் உள்ளத்துச் சொற்கள் வந்து அமர்கின்றன.

அன்பு ஆர்வத்தை ஈனும், ஆர்வம் நட்பை ஈனும் எனக் குறள் (74) மாந்தர் உறவில் வைத்த வரிசையின் முதலிரு சொற்களும் இங்கே இறைவனை நோக்கித் திரும்பியுள்ளன. ஸ்நேகம் என்னும் வடசொல் எண்ணெய்ப்பசையையும் நேசத்தையும் ஒருங்கே குறிப்பது பூதத்தாரின் நெய்யோடு ஒப்புநோக்கத்தக்கது.

வெஃகாவை அடுத்த தூப்புலில் 1268இல் பிறந்தவர் வேதாந்த தேசிகர். அவர் காலத்து மணிப்பிரவாள உரைநடையில் பக்தி, பிரபத்தி என்பன கலைச்சொற்களாக நிலைபெற்றன. அன்பு பாசுரத்தின் சொல்லாகத் தொடர, கோட்பாட்டின் சொல் வேறாயிற்று.

உரையாசிரியர் வகுத்த எல்லை

காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் பரிமேலழகர், மனைவி மக்கள் முதலிய தொடர்புடையாரிடத்துக் காதல் உடைமையை அன்பு என விளக்குகிறார். தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லும் கருணையே அவருக்கு அருள். அருளை அன்பு ஈன்ற குழந்தையாகக் கூறும் குறளுக்கு (757) இப்பாகுபாடு பொருந்துகிறது. இங்குக் காதல் என்பது ஆண் பெண் உறவுக்கு மட்டும் உரியதன்று. காப்பியங்களில் காதலன் என்னும் சொல் மகனையும் குறிப்பது இதற்கு அரண் செய்யும். காமத்துப்பாலிலும் பரிமேலழகர் இன்பத்தை இழித்துரைப்பதில்லை. ஐம்புலன்களாலும் ஒருங்கே நுகரப்படும் சிறப்புடையதாகவே அதனை அறிமுகப்படுத்துகிறார்.

முடிவுரை

காமத்தின் இழிபொருள் ஒரு காலத்தில் புதிதாகப் புகுந்ததன்று. துறவுநெறி வழக்காகத் தொடக்கத்திலேயே இருந்து, பின்னர் ஏனைய பொருளை மறைத்தது. அன்பு மாந்தர் உறவிலிருந்து இறைவன்வரை விரிந்தது. காதல் குடும்ப உறவுகளை இழந்து குறுகியது. ஆகவே பழைய நூலில் வரும் ஒவ்வோர் இடத்திலும் எம்மரபின் சொல் அது என வினவிய பின்னரே பொருள் கொள்ளுதல் வேண்டும். அவ்வினா இன்றி இன்றைய அகராதிப் பொருளை ஏற்றினால், மிளைப்பெருங்கந்தன் யாரை மறுத்தாரோ அவர் கூற்றே அவருடைய பாடலுக்கு உரையாகிவிடும்.