சிங்கெலும் பழங்கட்டடக் காப்பும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கடற்கரையை ஒட்டி வடக்கே செல்வோர் கடப்பாக்கத்திற்கு அருகில் ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகளைக் காண்பர். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பெற்ற அக்கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய சுவர்களையும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தாக்கியது. இத்தகைய சிதைவுகளைக் காக்கும் கடமை யாருடையது? இவ்வினாவை 1815-ஆம் ஆண்டிலேயே எழுப்பி விடையும் கூறியவர், செருமானியக் கட்டடக்கலைஞர் கார்ல் பிரீட்ரிக் சிங்கெல் ஆவார். அவர்தம் வாழ்வையும் பணியையும் அந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

சிங்கெல் 1781 மார்ச்சு 13-இல் பிரசிய நாட்டு நொய்ருப்பின் நகரில் பிறந்தார். 1787-இல் அந்நகரைப் பெருந்தீ அழித்தது; அதனையொட்டித் தந்தையையும் இழந்தார். 1794-இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. 1797-இல் அங்கு நடந்த கண்காட்சியில் பிரீட்ரிக் கில்லி என்னும் இளங்கலைஞர் வரைந்த நினைவுச்சின்ன வரைபடத்தைக் கண்டதும், தாமும் கட்டடக்கலைஞர் ஆவதெனத் துணிந்தார். 1803 முதல் 1805 வரை இத்தாலி முதலிய நாடுகளைச் சுற்றி வந்தார். ஆயின், 1806-இல் பிரசியா நெப்போலியனிடம் தோற்றதால் கட்டடப் பணிகள் நின்றன. அக்காலத்தில் இயற்கைக் காட்சி ஓவியங்களும் நாடகத் திரைகளும் தீட்டினார். 1810-இல் அரசின் கட்டடத் துறையில் அமர்ந்தார்.

போர் ஓய்ந்தபின் அவர் கட்டியவை பெர்லினின் தோற்றத்தையே மாற்றின. புதிய காவல் மனை 1818-இலும், நாடக அரங்கு 1821-இலும் முடிந்தன. முகப்பில் 18 தூண்கள் வரிசையாக நிற்கும் அருங்காட்சியகம் 1830-இல் திறக்கப்பெற்றது. 1826-இல் இங்கிலாந்து சென்று, ஆலைக் கட்டடங்களைக் கூர்ந்து நோக்கினார். பின்னர் 1832 முதல் 1836 வரை கட்டப்பெற்ற கட்டடக்கலைப் பயிலகத்தில், செங்கல்லைப் பூச்சால் மறைக்காது, அதன் அழகு வெளிப்படவே விட்டார்.

இவற்றினும் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது, 1815-இல் அவர் அரசுக்கு எழுதிய அறிக்கையாகும். போராலும் புறக்கணிப்பாலும் பழஞ்சின்னங்கள் அழிவதைக் கண்ட அவர், அவை மறைந்தால் நாடு புதுக்குடியேற்ற நிலம்போல் வெறுமையாகும் என அஞ்சினார். மாவட்டந்தோறும் காப்புக் குழுக்கள் வேண்டும் என்றார். உள்ளவற்றை முதலில் பட்டியலிட வேண்டும் என்றார். பொருள்கள் தலைநகருக்குக் கொண்டுபோகப்படாமல் தத்தம் இடங்களிலேயே இருத்தல் வேண்டும் என்றார். தேவாலயங்களோடு ஒப்பக் கோட்டை வாயில்களையும் நகர மதில்களையும் அவர் சேர்த்து எண்ணியது குறிக்கத்தக்கது. அவர் 1841 அக்டோபர் 9-இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1843-இல், பிரசியா தன் முதல் பழஞ்சின்னக் காப்பாளராகப் பெர்டினாண்டு பான் குவாசுட்டு என்பாரை அமர்த்தியது.

ஆனால் அவருடைய கட்டடக்கலைப் பயிலகத்தின் முடிவு இரங்கத்தக்கது. அவர் குடியிருந்து உயிர்நீத்த கட்டடமும் அதுவே. இரண்டாம் உலகப்போரில் சேதமுற்ற அதனை, அயலுறவு அமைச்சகம் கட்டும்பொருட்டுக் கிழக்கு செருமானிய அரசு 1962-இல் இடித்தது. அவ்வமைச்சகமும் 1995-இல் இடிக்கப்பட்டது. காப்பை அறிவுறுத்தியவர் கட்டியதே காப்பின்றிப் போயிற்று. அறிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு தலைமுறையும் அதனை ஏற்றல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்றாம்.

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. அதற்கு விளக்கேற்றுவோர் உளர். ஆலம்பரைக்கோ வழிபாடும் இல்லை, குடியும் இல்லை. பயன் ஒழிந்த கட்டடத்திற்கே காப்பு மிகுதியும் வேண்டும். எனவே, எஞ்சிய சுவர்களை அளந்து, வரைந்து, பட்டியலிடுவதே முதற்பணி என்பது நம் துணிபு. அலை அடுத்த முறை வருமுன் அது நிறைவேறுதல் வேண்டும்.